பெரியப்பா முடிக்காமல் வைத்த கடன்

எங்கள் வீட்டில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வக்கீல், மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கக் கூப்பிட்டாலும் வக்கீல். நான் படித்ததோ பி.எஸ்சி. கணிதம். செஞ்சியில் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போகிற வழியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். பட்டா நகல், வில்லங்கச் சான்று, வருமானச் சான்று என்று வருகிறவர்களுக்கு ஆன்லைனில் எடுத்துக் கொடுப்பேன். ஆள் இல்லாதபோது போனில் சட்டச் செய்தியாகப் பார்ப்பேன். ஒரு தீர்ப்பு வந்தால் சாயங்காலத்துக்குள் நாலு பேருக்கு அதை விளக்கிச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அந்த வியாதியால் வந்ததுதான் இந்தப் பட்டம்.

போன சித்திரையில் அக்கா என்னைத் தேடி சென்டருக்கே வந்தாள். அக்கா அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். மாமா சென்னையில் கம்பெனி வேன் ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விடுவார். இரண்டு பிள்ளைகளோடு அக்கா இருந்தது வாடகை வீட்டில். வீட்டுக்கார அம்மா தன் மகனுக்குக் கல்யாணம் பேசிவிட்டாள். அதனால் ஒரு கெடு வைத்திருந்தாள்.

"தையில நீ அஸ்திவாரம் போட்டுட்டீன்னா, வீடு முடியற வரைக்கும் இரும்மா, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். போடலைன்னா தை முடிஞ்சதும் சாவியைக் குடுத்துடு."

செஞ்சியில் இப்போது வாடகைக்கு வீடு கிடைப்பது லேசில்லை. கோட்டைக்கு உலக அங்கீகாரம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பி, பிறகு நிஜமாகவே வந்தும் விட்டது. அதிலிருந்து மாட்டுக்கொட்டகை வைத்திருக்கிறவர்கூட அதை லாட்ஜாக மாற்றலாமா என்று என் சென்டரில் வந்து விசாரிக்கிறார். அக்காவுக்கு மனை இருந்தது. திண்டிவனம் ரோட்டில் தாத்தா ஒரு காலத்தில் வாங்கிப்போட்ட மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை போடுகிற நிலத்தில், எங்கள் அப்பா நைனாவின் பாகத்திலிருந்து அவர் உயிரோடு இருக்கும்போதே அக்காவுக்குச் சில சென்ட் எழுதிக் கொடுத்திருந்தார். கட்ட அனுமதியும் வாங்கியாயிற்று. வேண்டியது பேங்க் லோன் மட்டும்தான்.

"எல்லாம் சரியா இருக்குது. ஒண்ணே ஒண்ணு இல்லைன்றாங்க" என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள் அக்கா. பேங்கில் எழுதிக் கொடுத்தது. தாய்ப் பத்திரம், ஒரிஜினல்.

தாத்தா நிலத்தை வாங்கியபோது எழுதிய முதல் பத்திரம் அது. அது பெரியப்பாவிடம் இருந்தது. எங்கள் குடும்பத்து வழக்கம் அப்படி. எத்தனை பாகம் பிரிந்தாலும் தாய்ப் பத்திரம் மூத்தவரிடம்தான் இருக்கும். மற்றவர்களுக்கு ஜெராக்ஸ். என்றைக்காவது ஒரிஜினல் வேண்டுமென்றால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டுபோய் மூத்தவரை அழைக்க வேண்டும். அவரும் பத்திரத்தைக் கையில் கொடுத்து அனுப்ப மாட்டார். தானே எடுத்துக்கொண்டு வந்து, காட்ட வேண்டிய இடத்தில் காட்டி, தானே திரும்ப எடுத்துப் போவார். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இது பத்திர அழைப்பு.

அக்காதான் அழைக்கத் தயாராக இல்லை. பாகம் பிரிக்கும்போது பெரியப்பா கிணறு இருக்கிற பாதியைத்தான் கேட்டு வாங்கினார். நைனாவுக்கு ரோட்டுப் பக்கத்து வறண்ட பாதி. அப்போது எல்லோரும் நைனாவை ஏமாளி என்றார்கள். ரோடு அகலமானதும் வறண்ட பாதி தங்கமாகிவிட்டது, கிணறு கிணறாகவே இருந்தது. அதிலிருந்து பெரியப்பாவுக்கு மனசு சரியில்லை. அக்கா பிள்ளைக்குக் காது குத்தினபோது அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. தாய்மாமன் இல்லாத பிள்ளைக்குப் பெரியப்பா மடியில்தான் உட்காரவைத்துக் குத்துவதாகப் பேச்சு. கடைசியில் மாமாவின் சிநேகிதர் ஒருவர் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். அக்கா அதை மறக்கவில்லை.

"அவர் வீட்டு வாசல்ல நான் தட்டைத் தூக்கினு போய் நிக்கணுமா? வாடகை வீட்டிலேயே கெடந்துட்டுப் போறேன்."

அந்த நேரம் பார்த்தா எனக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வர வேண்டும்? இரண்டு நாளைக்கு முன்னால்தான் படித்திருந்தேன். ஒரிஜினல் மூலப் பத்திரம் காட்டாவிட்டால் பதிய மாட்டோம் என்று நம் பதிவுத்துறையில் ஒரு விதி இருந்தது, அது செல்லாது என்று டில்லியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. எனக்குள் மணி அடித்தது.

"அக்கா, பெரியப்பாவே வேணாம். சட்டம் மாறிடுச்சு. ஒரிஜினல் கேக்கவே கூடாது."

"நெஜமாவாடி?"

"டில்லியில சொல்லியிருக்காங்கக்கா. இதுக்கு மேல எங்க போவாங்க?"

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஒரு தட்டு வெற்றிலை பாக்கிலிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கும் பெருமையாக இருந்தது. அன்றைக்கு மத்தியானம் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தாள்.

தீர்ப்பை அச்செடுத்து, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசி, இரண்டு பேரும் பேங்குக்குப் போனோம். லோன் ஆபீசர் கடலூர் பக்கத்துப் பெண், என்னைவிட மூன்று நாலு வயசு கூட இருக்கும். பொறுமையாகப் படித்தாள். பிறகு தாளை மடித்து என் பக்கமே நகர்த்தினாள்.

"இது ரிஜிஸ்டர் ஆபீசுக்கு, மேடம். அவங்க பதிய மறுக்கக் கூடாதுன்னு இருக்குது. நாங்க லோன் குடுக்க மறுக்கக் கூடாதுன்னு இதுல எங்க இருக்குது?"

நான் மறுபடி படித்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. ஆனால் வாதாடாமல் எழுந்து வருவது என் ஜாதகத்தில் இல்லை. பதிவே செல்லும் என்றால் உங்களுக்கு எதற்கு பயம், பதிவு ஆபீஸ் நகலைச் சான்றோடு வாங்கிக் கொடுத்தால் என்ன, என்று அரைமணி நேரம் கேட்டேன். அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "எங்க வக்கீல் ஒத்துக்க மாட்டார், மேடம்." நிஜ வக்கீல் ஒருவர் எங்கோ உட்கார்ந்திருந்தார். அவரை நான் கடைசிவரை பார்க்கவேயில்லை.

அக்கா வெளியே வந்து ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்தாள். "பிரியாணிக் காசைத் திருப்பிக் கேக்கல. ஏறு."

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முயற்சி செய்கிறேன், ஆனால் எனக்கே வரிசை சரியாக வருமா என்று தெரியவில்லை. கோர்ட்டு வேண்டாம் என்று சொன்ன விதியை, சட்டசபையில் சட்டமாகவே கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி. விதி போனால் என்ன, சட்டம் இருக்கிறது. ஒரிஜினல் காட்ட வேண்டும், அடமானத்தில் இருந்தால் கடன் கொடுத்தவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும், தொலைந்துபோயிருந்தால் போலீசில் சான்று வாங்க வேண்டும். ஆனால் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, மேலே ஒப்புதல் வர வேண்டும் என்று ஒரு வீடியோ. வந்துவிட்டது என்று இன்னொரு வீடியோ. இரண்டிலும் பேசினவர் ஒருவரே, சட்டைதான் வேறு.

சென்டருக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்பார்கள். வல்லத்திலிருந்து ஒருவர் தங்கைக்கு நிலம் எழுத வந்தவர், தொண்டூரிலிருந்து ஒருவர் மனை விற்க வந்தவர்.

"இன்னாம்மா, ஒரிஜினல் வேணுமா, வேணாமா?"

ஒருத்தருக்குக் காலையில் வேண்டாம் என்றேன். இன்னொருத்தருக்கு மத்தியானம் வேண்டும் என்றேன். இரண்டு பேரும் டீக்கடையில் சந்தித்துக்கொண்டு சேர்ந்தே திரும்பி வந்தார்கள். அன்றைக்கு என் முதலாளி, இனிமேல் சட்டம் பேசக்கூடாது, பிரிண்ட் மட்டும் எடு என்று சொல்லிவிட்டார்.

ஆடி போய், புரட்டாசியும் போனது. அக்கா லோன் ஆபீசரிடம் மறுபடி போய், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவளும் இரக்கப்பட்டு, தாய்ப் பத்திரம் கிடப்பில் இருக்கட்டும், மற்றதையாவது அந்த வக்கீலுக்கு அனுப்பிவைக்கிறேன் என்றிருக்கிறாள். ஒரு வாரத்தில் என்னையும் சேர்த்துக் கூப்பிட்டாள். மேஜையில் ஒரு வில்லங்கச் சான்று கிடந்தது.

"நீங்க குடுத்தது பதினஞ்சு வருஷத்துக்கு. எங்களுக்கு முப்பது வருஷம் வேணும். வக்கீலே எடுத்துட்டார். இங்க பாருங்க."

பாகப்பிரிவினைக்கு முந்தின வருஷத்தில், கிணறு வெட்டின வருஷத்தில், ஒரு வரி. பத்திரத்தை ஒப்படைத்துக் கடன். கொடுத்தது, இப்போது செஞ்சியில் போர்டே இல்லாத ஒரு பேங்க். கடன் வாங்கினவர் பெரியப்பா, கூடவே நைனாவும் கையெழுத்து. சொத்து விவரத்தில் முழு நிலம், அக்காவின் மனையும் அதற்குள். கடன் தீர்ந்தது என்று அதற்குக் கீழே எந்த வரியும் இல்லை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊருக்கெல்லாம் வில்லங்கம் எடுத்துக் கொடுக்கிறவள் நான். பாகம் பிரிந்ததற்கு அப்புறம் பார்த்தால் போதும் என்று நானாகவே முடிவு செய்து, அந்த வருஷத்திலிருந்து தட்டினேன். முப்பது என்று போட இரண்டு விநாடிகூட ஆகாது.

"ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான் எடுத்துக் குடுக்கறியாடி?" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று ராத்திரி அக்கா தானாகவே சொன்னாள். "நாளைக்கு வெத்தலை பாக்கு வாங்கினு வா."

மறுநாள் அமாவாசை என்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஸ்கூட்டியில் நான் பின்னால் உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் வைத்து, வாழைப்பழம் விழாமல் கையால் அணைத்துக்கொண்டேன். வேப்பிலையோடு நின்ற ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "கோயிலு அந்தப் பக்கம்மா, எதிர்ல போறீங்களே!" என்று கத்தினாள். அக்கா சிரிக்கவேயில்லை.

பெரியப்பாவின் வீடு அவருடைய பாதியில், கிணற்றை ஒட்டி இருக்கிறது. நாங்கள் போனபோது மோட்டார் ஷெட்டில் உட்கார்ந்து ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார். எழுந்து, கையைக் கழுவி, துண்டில் துடைத்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு" என்றாள் அக்கா.

"எதுக்குத் தட்டு? கல்யாணமா? உன் தங்கச்சிக்கா?"

"இவளுக்கு எவன் வருவான், பெரியப்பா? வாயைத் தெறந்தா செக்‌ஷன் சொல்றா."

பெரியப்பா சிரித்துவிட்டார். அக்கா அவரோடு பேசி மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கும். அந்தச் சிரிப்பில் பாதித் தூரம் குறைந்தது. மீதிப் பாதியை நான் கெடுக்கப் பார்த்தேன். தட்டு கைமாறுவதற்கு முன்னாலேயே கடனைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"பெரியப்பா, கெணறு வெட்ட வாங்கின கடன் இன்னும் முடியலையா? வில்லங்கத்துல அப்படியே இருக்குது."

"எல்லாம் கட்டியாச்சு. நூறு ரூபா மட்டும் வச்சிருக்கிறேன்."

"நூறு ரூபா இல்லாம போயிடுச்சா?"

"இல்லாம இல்ல. வேணும்னுதான்."

எனக்குப் புரியவில்லை. அக்காவுக்கும்தான். பெரியப்பா ஏதோ எல்லோரும் செய்கிற காரியத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். அசலில் நூறு ரூபாயை விட்டு மற்றதெல்லாம் என்றைக்கோ அடைத்துவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை போய் அதற்கு வட்டி கட்டி, கடனைப் புதுப்பித்துக்கொண்டு வருவார். அப்படியே, பத்திரம் இருக்கிறதா என்று கேட்பார். மேனேஜர் நல்ல மாதிரி இருந்தால் எடுத்துக் காட்டுவார். கடன் இருக்கிறவரை பத்திரம் பேங்கின் இரும்பு அறையில் இருக்கும். செல் அரிக்காது, எலி கடிக்காது.

"லாக்கருன்னா வாடகை கேக்கறான். இதுக்கு வட்டி எவ்வளவு வரும்? ஒரு டீ காசு."

கணக்கு படித்தவள் நான், கணக்கு அவருடையதுதான் சரி. எனக்குத் தெரிந்த ரிசர்வ் பேங்க் விதி ஒன்று நினைவுக்கு வந்தது. "பெரியப்பா, கடனை முடிச்சிட்டா முப்பது நாளுக்குள்ள ஒரிஜினலைத் திருப்பிக் குடுத்தே ஆகணும். அவங்க பக்கத் தப்பால லேட் ஆனா நாள் கணக்குல உங்களுக்கு நஷ்ட ஈடு தரணும். புது ரூல்."

"திருப்பிக் குடுத்துடுவானா?" பெரியப்பாவின் முகம் மாறியது. "அதாம்மா வேணாம்ன்றேன்."

வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். மூத்த அண்ணன், அதாவது அவருடைய பெரிய மகன், ரியல் எஸ்டேட் புரோக்கராக அலைந்துகொண்டிருந்தான். கோட்டைக்குப் பெயர் வந்ததும் கிணற்றுப் பாதியையும் மனை போட்டு விற்றுவிடலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். தன் பாகத்தை ஏற்கனவே பிள்ளைகள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டார் பெரியப்பா, பெரியம்மா பேச்சைக் கேட்டு. தாய்ப் பத்திரம் மட்டும்தான் அவர் கையில் மிச்சம். அதுவும் அவர் கையில் இல்லாமல் இருப்பதால்தான் மிச்சம்.

"பத்திரம் எங்கப்பான்னு கேப்பான். பேங்க்ல, கடன் இருக்குதுன்னுவேன். எவ்வளவுன்னு கேட்டதில்ல. கேட்டிருந்தான்னா அன்னிக்கே நூறு ரூபா நோட்டைத் தூக்கினு ஓடியிருப்பான்."

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "எனக்குத் தையில அஸ்திவாரம் போடணும், பெரியப்பா. இல்லைன்னா புள்ளைங்களை இட்டுகினு எங்க போவேன்னு தெரியல." அவ்வளவுதான் சொன்னாள். காதுகுத்தை எடுக்கவில்லை, ரோட்டுப் பாதியை எடுக்கவில்லை.

பெரியப்பா உள்ளே போய்ப் பழைய பாஸ்புக்கை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். "இந்த பேங்கே இப்ப இல்லம்மா. ரெண்டு பேங்கைச் சேத்து ஒண்ணாக்கிட்டாங்க. போர்டு மாறிடுச்சு. போன வருஷம் நான் வட்டி கட்டினது மார்க்கெட்டுக்கு எதிர்ல இருக்குதே, மாடியில ஏசி போட்ட பேங்க், அங்கதான்."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது அக்காவின் பேங்க். ஆறேழு மாதமாக எந்த மேஜைக்கு எதிரில் நாங்கள் தாய்ப் பத்திரம் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோமோ, அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கிற இரும்பு அறையில்தான் அது உட்கார்ந்திருந்தது.

லோன் ஆபீசருக்குச் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. வேளாண் கடன் பார்க்கிறவர் வேறு, வீட்டுக் கடன் பார்க்கிறவள் இவள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஜெராக்ஸ் மிஷின்தான் இருந்தது. சாவி எடுத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பழைய பேங்கின் முத்திரை போட்ட பழுப்புக் கவர். "மேடம்," என்றாள் என்னைப் பார்த்து, "நீங்க முப்பது வருஷம் போட்டிருந்தீங்கன்னா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்" என்றேன். அதைத் தவிர எனக்கு அப்போது எதுவும் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் பெரியப்பா ஒத்துக்கொள்ள வேண்டுமே. கடனை முடித்தால் பத்திரம் வெளியே வரும், வெளியே வந்தால் அண்ணன் கைக்குப் போகும். முடிக்காவிட்டால் அக்காவின் மனைமேல் அந்த வரி நிற்கும், லோன் கிடைக்காது. மூன்று நாள் நான் குழம்பினேன். குழம்பிக் குழம்பி, ஆபீசரிடம் ஒரு கேள்வி கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட உருப்படியான சட்டக் கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"அக்கா லோனுக்குத் தாய்ப் பத்திரம் குடுத்தா நீங்க பார்த்துட்டுத் திருப்பித் தருவீங்களா, வச்சுக்குவீங்களா?"

"பெரியவர் சம்மதிச்சு எழுதிக் குடுத்தா வச்சுக்குவோம், மேடம். லோன் முடியற வரைக்கும்."

"எத்தனை வருஷம்?"

"இருபது."

பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை தட்டு இல்லாமல், ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வால்வைக் கீழே வைத்தார். "இருவதா?" என்றார். "அதே இரும்பு ரூம்லயா?" என்றார். "வட்டி நான் கட்ட வேணாமா?" என்று மூன்றாவதாகக் கேட்டபோது அவர் குரலில் இருந்ததைச் சந்தோஷம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

மார்கழியில் கடன் அடைக்கலாமா என்று பெரியம்மா தடுத்தாள். அடைக்கிற கடனுக்கு மாசம் எதற்கு என்று பெரியப்பா சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நைனாவின் கையெழுத்து இருந்ததால் அவருக்கு வாரிசாக அம்மாவும், அக்காவும், நானும் ஆளுக்கு மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டோம். நூறு ரூபாயும் அந்த வருஷத்து வட்டியும் கட்டியாயிற்று. கடன் தீர்ந்ததாக பேங்கில் ரசீது எழுதி, அதையும் பதிவு ஆபீசில் பதிந்தோம். மறுநாள் நானே வில்லங்கம் எடுத்தேன். முப்பது வருஷத்துக்கு. அந்தப் பழைய வரிக்கு அப்புறம், தீர்ந்தது என்று ஒரு புது வரி விழுந்திருந்தது.

பத்திரத்தை வாங்குகிற நாளில்தான் வேடிக்கை. வேளாண் கடன் மேஜைக்காரர் கவரைப் பிரித்துப் பக்கங்களை எண்ணிக்காட்டி, பெரியப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு, "அப்படியே அந்த மேஜைல குடுத்துடறேன் சார்" என்று எழுந்தார்.

"உக்காருங்க. நான் குடுக்கறேன்."

பெரியப்பா ஒரு துணிக்கடைப் பை கொண்டுவந்திருந்தார். அதற்குள் மஞ்சள் துணி. பத்திரத்தை அதில் சுற்றி, பையில் வைத்து, பையை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தார். ஜெராக்ஸ் மிஷினைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், எண்ணிப்பார்த்தால் பத்துத் தப்படி இருக்கும். அந்தப் பத்துத் தப்படிக்கும் அக்கா முன்னால் நடந்தாள், தட்டு இல்லை, வெறுங்கைதான், ஆனாலும் அழைத்துக்கொண்டுதான் போனாள். டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஏதோ சாமி வருகிறமாதிரி காலை மடக்கிக்கொண்டார்கள். லோன் ஆபீசர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். அதை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

"ரசீது குடும்மா" என்றார் பெரியப்பா.

அது முடிந்த மூன்றாம் நாள் அண்ணன் எனக்குப் போன் செய்தான்.

"இன்னா வக்கீலம்மா, எங்க பத்திரத்தையும் சேத்துப் பூட்டிட்டியாமே?"

"நான் எங்கண்ணா பூட்டினேன்? பெரியப்பாதான்..."

"அவருக்கு இன்னா தெரியும்? உன் மூளைதான் இது. இப்ப புதுச் சட்டத்துல ஒரிஜினல் இல்லாம நான் எப்படி விக்கறது? நான் என் பங்கை வித்தா உங்க அக்கா வீடு இன்னா ஆவும்னு யோசிச்சியா, நான் யோசிக்கறேன்னு நீ யோசிச்சியா?"

அந்த வாக்கியம் எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் கேள்வி புரிந்தது. அவனுடைய பங்குக்கு அவன் பெயரில் தனிப் பத்திரம் இருக்கிறது, தாய்ப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கலாம், பேங்கில் ஒரு கடிதம் வாங்கினால் பதிவாளர் ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். டில்லி சொன்னது செல்லுமா, சட்டசபை சொன்னது செல்லுமா, இரண்டும் சேர்ந்து செல்லுமா? போன வருஷம் என்றால் அவனுக்கு உடனே ஒரு பதில் சொல்லியிருப்பேன், மஞ்சள் பூசிய தாளோடு. இப்போது சொல்ல முடிந்தது ஒன்றுதான்.

"தெரியலண்ணா."

"தெரியலையா? உனக்கா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்தான். பிறகு வைத்துவிட்டான். அவன் கோபம் போய்விட்டதா, இன்னும் பெரிதாக வரப்போகிறதா, அதுவும் தெரியவில்லை. பெரியப்பாவுக்காக நான் ஒரு நல்ல காரியம் செய்தேனா, அண்ணனுக்கு ஒரு அநியாயம் செய்தேனா என்று இப்போதும் சில நாள் சென்டரில் பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது யோசிக்கிறேன். இரண்டு பக்கமும் வரிசையாகக் காரணம் வருகிறது. நிற்க மாட்டேன் என்கிறது.

தை பிறந்த இரண்டாவது வாரம் அஸ்திவாரம் போட்டோம். வீட்டுக்கார அம்மாவே வந்து பார்த்து, மூலைக்கு ஒரு பூ வைத்துவிட்டு, "ஆவணி வரைக்கும் இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரியப்பா வந்திருந்தார். அண்ணன் வரவில்லை. அக்காவின் சின்னப் பிள்ளை, காது குத்தும்போது இவர் மடியில் உட்கார வேண்டியிருந்த பிள்ளை, பெரியப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு மணல் குவியலில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் ராஜகிரிக் கோட்டை மலை. அதன்மேல் டூரிஸ்ட் கூட்டம் எறும்பு மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.

அக்காவும் மாமாவும் மேஸ்திரியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷமெல்லாம் இழுக்கக் கூடாது, போனஸ் வரும்போதெல்லாம் கூடக் கட்டி பத்து வருஷத்தில் லோனை முடித்துவிட வேண்டும், இப்போது முன்கூட்டியே கட்டினால் அபராதமும் இல்லையாம், இவள்தான் சொன்னாள், என்று அக்கா என் பக்கம் கையைக் காட்டினாள். இந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னது சரிதான், ஆபீசரிடம் கேட்டுவிட்டேன்.

பெரியப்பா மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்தார். அஸ்திவாரக் குழியைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"உங்க அக்கா சொல்றதைக் கேட்டேன். சீக்கிரம் கட்டட்டும், வேணாம்னு சொல்லல. கடைசியில ஒரு நூறு ரூபா மட்டும் வச்சுக்கச் சொல்லும்மா."